பழகுற பிள்ளைக்கு வண்டி விற்கும் அண்ணாச்சிமாருக்கு

திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் டூவீலர் கன்சல்டிங், அதாவது பழைய வண்டி வாங்கி விற்கும் கடை நடத்தும் அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். 23 வருஷமாகப் பாளையங்கோட்டையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். நீங்கள் காலையில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து அனுப்புகிற வண்டி பல நேரம் அந்த வாரமே என் ஷெட்டுக்கு வந்துவிடுகிறது. வாங்கினவர்கள் உங்களிடம் சொல்லாததை எல்லாம் என்னிடம் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு மனசு தாங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

போன ஐப்பசியில், மழை வெறித்த ஒரு மத்தியானம், ஒரு பெண்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. சீட்டு எடுத்த பணத்தில் 38,000 ரூபாய் கொடுத்து, 2016 மாடல் 100 சிசி வண்டி ஒன்று வாங்கியிருக்கிறாள். வாங்கி ஒரு மாசம் ஆகிறது. "அண்ணாச்சி, இத யாருக்காவது வித்துக் குடுத்துருங்க. எனக்கு வண்டி வரல" என்றாள். என்னம்மா ஆச்சு என்றேன். "நேராப் போக மாட்டேங்கு. மெதுவா போனா சாயுது. எட்டு போடப் போயி ரெண்டு தடவ கால ஊனிட்டேன். உனக்கெல்லாம் எதுக்கு கியர் வண்டின்னு எங்க மாமா பையன் சிரிக்கான்" என்றாள்.

வண்டி பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. டேங்க்கில் புது பெயின்ட், புது ஸ்டிக்கர், புது மட்கார்டு. சென்டர் ஸ்டாண்ட் போட்டேன். பின்சீட்டை அமுக்கி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, "ஹேண்டில்பாரை ஒத்த விரலால மெதுவாத் திருப்பிப் பாரும்மா" என்றேன். இடது பக்கமிருந்து திருப்பிக்கொண்டே வந்தாள். நடுவுக்கு வந்ததும் கட்டென்று ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. விரலால் தள்ளினால் வெளியே வரவில்லை. கையை வைத்துத் தள்ளினால்தான் வந்தது. ஹேண்டில்பார் திரும்புகிற இடத்தில் இருக்கிற பேரிங்கான கோன் செட் தேய்ந்து தடம் விழுந்துபோன வண்டி. அப்புறம் முன்னால் போய்க் குனிந்து பார்த்தால், முன் சக்கரத்தைத் தாங்குகிற இரண்டு ஃபோர்க் பைப்பும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. எங்கேயோ முன்பக்கம் நன்றாக இடித்திருக்கிறது. இடி பட்ட அடையாளத்தை மட்கார்டும் பெயின்ட்டும் மறைத்துவிட்டன. ஹேண்டில்பார் நடுவில் சிக்குகிற வண்டியை மெதுவாக, நேராக ஓட்டுவது எனக்கே கஷ்டம். அந்தப் பிள்ளை ஒரு மாசமாக அதில் எட்டு போட்டுப் பழகியிருக்கிறாள்.

கோன் செட்டையும் ஒரு பைப்பையும் மாற்றி, மறுநாள் சாயங்காலம் கொடுத்தேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள். இறங்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் இன்னொரு ரவுண்டு போனாள்.

அண்ணாச்சிமாரே, நான் சொல்ல வந்தது இதுதான். பழகின ஆள் வண்டி சரியில்லை என்றால் வண்டியைத் திட்டுவான், உங்களையும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டுவான், மறுநாள் உங்கள் கடை வாசலில் வந்து நிற்பான். முதல் வண்டி வாங்குகிற பிள்ளை தன்னைத்தான் திட்டிக்கொள்ளும். நல்ல வண்டி எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்கினால், தனக்கு கிளட்ச் விடத் தெரியவில்லை என்று நினைக்கும். செயின் தொங்கி வண்டி வெட்டி வெட்டிப் போனால், தனக்கு ஆக்சிலேட்டர் பிடிக்கத் தெரியவில்லை என்று நினைக்கும். பிரேக்தான் இதில் ரொம்ப மோசம். பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதே அந்தப் பிள்ளைக்கு அந்த வண்டி சொல்லிக்கொடுத்ததுதான். பிடிக்காத பிரேக்கோடு பழகி, அதுதான் பிரேக் என்று நம்பி, மேம்பாலத்து இறக்கத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும். நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது.

உங்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. இந்தத் தொழிலில் என் கையும் கறைதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், புகை விடுகிற இன்ஜினுக்கு சிலிண்டரைக் கடைந்து சரி பண்ணுகிற போர் வேலை பார்க்காமல், கெட்டி ஆயில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். பத்து இருபது நாளைக்குப் புகை தெரியாது, டேப்பெட் சத்தமும் அமுங்கிவிடும். கடைக்காரர் கேட்டார், செய்தேன். அதை வாங்கினவர் ஒரு பால்காரர். அடுத்த மாசமே இன்ஜினை இறக்க அவர் என்னிடமே வந்தார். கூலி வாங்க எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று அவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அன்றைக்கு விட்டதுதான், அப்புறம் அந்த வேலையை யாருக்கும் செய்ததில்லை.

மேலப்பாளையம் சந்தைக்குப் போயிருப்பீர்கள். மாட்டைப் பல் பிடித்துப் பார்க்க விடுகிறார்கள், நடக்கவிட்டுப் பார்க்க விடுகிறார்கள், சுழி பார்க்க விடுகிறார்கள். தெரியாதவன் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. நம் கடைகளில் மட்டும் ஏன் "மெக்கானிக்க எல்லாம் கூட்டிட்டு வராதீங்க, நம்பிக்கை இருந்தா எடுங்க" என்கிறோம்? வாங்க வருகிறவர் போன் பண்ணினதும், அவர் வருவதற்குள் வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஏன் சூடாக்கி வைக்கிறோம்? ஆறின இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலையில் முதல் கிக்கில் எடுக்கிறதா, எடுத்ததும் நீலப் புகை வருகிறதா, டைமிங் செயின் சலசலக்கிறதா என்பதெல்லாம் முதல் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் நாம் அந்தப் பிள்ளையிடமிருந்து ஒளிக்கிறோம்.

மீட்டரைத் திருப்பிக் குறைத்து வைப்பதைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. 18,000 கிலோமீட்டர் என்று காட்டுகிற வண்டியில் கியர் லீவர் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்து, பிரேக் பெடல் வெள்ளிக்காசு மாதிரி மின்னினால் எங்களுக்குப் புரிந்துவிடும். அந்தப் பிள்ளைக்குப் புரியாது. மீட்டர் ஓடவில்லை என்றால் ஓடவில்லை என்றே சொல்லிவிடுங்கள். 60,000 ஓடின வண்டியும் பார்த்து வைத்திருந்தால் நல்ல வண்டிதான். அதை உள்ளது உள்ளபடி சொல்லி விற்கிற ஆட்களும் உங்களில் இருக்கிறார்கள். அவர்கள் கடையிலிருந்து வருகிற வண்டியை நான் பார்க்காமலே நல்ல வண்டி என்று சொல்லிவிடுவேன்.

அடுத்து, பேப்பர் விஷயம். வண்டியில் உள்ள கோளாறை நான் சரி பண்ணிவிடலாம். இதை என்னால் சரி பண்ண முடியாது.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் பழைய ஓனரிடம் தேதி போடாமல் கையெழுத்து வாங்கி, ஆர்.சி.யோடு கவருக்குள் போட்டு, "பேர அப்புறம் மாத்திக்கலாம் தம்பி, ஒண்ணும் அவசரமில்ல" என்று கொடுத்து அனுப்புகிறோம். பையனும் டிரான்ஸ்ஃபர் செலவு மிச்சம் என்று சந்தோஷமாகப் போகிறான். மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவு, விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கினவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது. பல கை மாறிப்போன வண்டியாக இருந்தாலும், ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு. அதாவது உங்களிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு மறந்துபோன அந்த ரிட்டயர்டு வாத்தியார், எவனோ ஒருத்தன் ஓட்டி இடித்ததற்குக் கோர்ட்டு ஏற வேண்டும். வாங்கின பையனுக்கோ இன்சூரன்ஸ் அவன் பேரில் இருக்காது, அபராதச் செய்தி வாத்தியார் போனுக்குப் போகும், மூன்று வருஷம் கழித்து விற்கப் போனால் வாத்தியாரைத் தேடி அலைவான். வாத்தியார் இருப்பாரோ என்னவோ.

ஃபைனான்ஸ் வண்டி என்றால் இன்னும் கஷ்டம். டியூ முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது. ஃபைனான்ஸ் கம்பெனி என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கொடுத்து, ஆர்.சி.யில் எச்.பி. என்கிற கடன் பதிவு கேன்சல் ஆகியிருக்க வேண்டும். அது இல்லாமல் விற்ற ஒரு வண்டியை, என் ஷெட் வாசலில் வைத்தே சீஸிங் ஆட்கள் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். பழனிக்கு நடக்க நேர்ந்துகொண்டு வாங்கின வண்டி என்று அந்தப் பையன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

இன்சூரன்ஸிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஐந்து வருஷத் தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்கான இன்சூரன்ஸ், சேர்த்தே எடுக்கிறார்கள். அந்த நினைப்பில் "இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிடுகிறோம். 2019 வண்டிக்கு அது 2024-லேயே முடிந்துவிட்டது. ஒரு தடவை தேதியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு விதியே மாறிவிட்டது என்பது உங்களில் பலருக்குத் தெரியும், தெரியாதது போல் இருக்கிறீர்கள். பழைய வண்டி வியாபாரம் செய்கிறவர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். ஓனர் வண்டியைக் கடையில் விட்டதும் படிவம் 29சி மூலம் ஆன்லைனில் தெரிவித்துவிட்டால், விற்கிற வரைக்கும் அந்த வண்டிக்கு டீலர்தான் ஓனர் மாதிரி. பொறுப்பு உங்கள் தலைக்கு வருகிறது என்று பயப்படுகிறீர்கள், அது நியாயம்தான். ஆனால் அதே விதி, பெயர் மாற்றத்துக்கும் என்.ஓ.சி.க்கும் ஆர்.சி. புதுப்பிப்புக்கும் நீங்களே விண்ணப்பிக்க வழி கொடுக்கிறது. பழைய ஓனர் பின்னால் கையெழுத்துக்கு அலையும் வேலை மிச்சம். கடை வாடகை, எக்ஸ்சேஞ்ச் வண்டிக்கு முன்பணம், ஏஜென்ட் செலவு, மழைக்காலத்தில் வியாபாரம் படுத்துப்போவது, எல்லாம் எனக்குத் தெரியும். அதற்காகப் பேர் மாற்றாத வண்டியின் சாவியை ஒரு 19 வயசுப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். டிரான்ஸ்ஃபர் செலவை விலையிலேயே சேர்த்துச் சொல்லுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கொடுப்பார்கள்.

எந்த வண்டியைக் கொடுக்கிறீர்கள் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். இப்போதுதான் எல்.எல்.ஆர். எடுத்த பையன், இன்ஸ்டாகிராமைப் பார்த்துவிட்டு 350 சிசி வண்டியைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். கிளாசிக் 350 ஏறக்குறைய 195 கிலோ. ஸ்பிளெண்டர் 112 கிலோ. சாய்ந்தால் தாங்கிப் பிடிக்க முடிகிற வண்டியில்தான் பயம் போகும். அவனை ஒருதடவை உட்காரச் சொல்லி, இரண்டு காலும் தரையில் ஊன்றுகிறதா என்று பாருங்கள். வண்டியைத் தள்ளி, ஒரு யூ-டர்ன் எடுக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அவனுக்கே புரிந்துவிடும், நீங்கள் சொல்லவும் வேண்டாம்.

இன்னொன்று, கடையில் யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் தயாரான வண்டி என்றால், 125 சிசிக்கு மேலே ஏ.பி.எஸ். (அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்), அதற்குக் கீழே குறைந்தபட்சம் சி.பி.எஸ். (ஒரு பிரேக்கை அமுக்கினால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கிற ஏற்பாடு) கட்டாயம். புதுசாக ஓட்டுகிற பிள்ளை பயத்தில் பின்பிரேக்கை மட்டும் அமுக்கிப் பிடிக்கும், நாய் குறுக்கே வந்தால் முன்பிரேக்கைக் கவ்விப் பிடிக்கும். முதலாவதுக்கு சி.பி.எஸ்.ஸும் இரண்டாவதுக்கு ஏ.பி.எஸ்.ஸும் உதவும். 2017 வண்டிக்கும் 2019 வண்டிக்கும் நடுவில் ஐயாயிரம் பத்தாயிரம் வித்தியாசம் இருந்தால், "தம்பி, கூடக் கொஞ்சம் போட்டு இத எடு, பிரேக் நல்லா இருக்கும்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்களுக்கும் கூடுதல் வியாபாரம்தானே.

என் பக்கத்திலிருந்து நான் செய்யக் கூடியதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை, முதல் வண்டி வாங்குகிற யாருக்கும் என் ஷெட்டில் வண்டி பார்த்துச் சொல்லக் கூலி கிடையாது. உங்கள் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். கோன் செட், ஃபோர்க், பிரேக், கிளட்ச், செயின், டயர், ஆறின இன்ஜின், இவ்வளவுதான் பார்ப்பேன். பார்த்ததை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உங்களிடமும் ஒன்று, அந்தப் பிள்ளையிடமும் ஒன்று கொடுப்பேன். வேலை இருந்தால் யார் பார்ப்பது, யார் செலவு என்பதை நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிறு முதல் ஷெட் திறந்திருக்கும். வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைத்தெரு மெக்கானிக்