ஒன்பதாவது வளைவு

அன்புள்ள அம்மிணிக்கு,

நம் மாருதி 800-க்கு நீ வாரந்தோறும் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றுவதாகத் தம்பி பேச்சுவாக்கில் சொன்னான். அது 2004-ஆம் வருடத்து வண்டி, ஏற்கெனவே ஒருமுறை வெந்துபோன என்ஜின். கூலன்ட் என்பது என்ஜினைக் குளிர்விக்கும் நீர்; மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. அது வாரத்துக்கு ஒரு பாட்டில் குறைகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது என்ஜினுக்குள்ளேயே போகிறது என்று பொருள். இரவில் வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வை. காலையில் ஈரம் தெரிந்தால் ஹோஸ் கிளிப்பையோ வாட்டர் பம்ப்பையோ பார்க்கச் சொல்லலாம். தாள் காய்ந்தே இருந்தால் ஆயில் மூடியைத் திறந்து பார். உட்புறம் பால் காப்பி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால், நீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கக்கூடும், வண்டியை எடுக்கவே எடுக்காதே.

சனிக்கிழமைதோறும் திம்பம் இறங்கிச் சத்தி வரை வந்து போகிறாயாம். தாளவாடி மலையில் தனியாக இருந்துகொண்டு, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் நீயே ஓட்டி வருவதை நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சத்தியிலிருந்து கோபி முக்கால் மணி நேரம். வண்டி சரியில்லாததால்தான் நீ வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

காலையில் வண்டியை எடுக்கும் முன், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே கூலன்ட் டப்பாவில் நீர் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கிறதா என்று பார். சூடான ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர், மூடி தளர்ந்த கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். போர் தண்ணீர் ஊற்றாதே, உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும்.

அமுச்சிக்கு முடியவில்லை என்று போன் வந்த அன்று, ஒன்பதாவது வளைவில் ஹோஸ் வெடித்ததாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன். ஹோஸ் வெடிக்கவில்லை. காலையில் பானெட்டைத் திறந்தபோதே டப்பா காலியாக இருந்ததைப் பார்த்தேன். வந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன். பண்ணாரியில் அம்மா நிறுத்திப் பார்க்கச் சொன்னாள், கேட்கவில்லை. மேலே ஏறும்போது சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியதும் சூடு தணிந்துவிட்டது என்று நினைத்தேன். நீர் முழுவதும் வற்றினால் சென்சார் வெறும் காற்றில் நின்று அப்படித்தான் பொய் காட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. உன் அம்மா தன் தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது அதனால்தான். அவள் புறப்படத் தாமதித்ததால் வந்த வினை என்று நான் சொன்னதை அவள் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். நீ பின்சீட்டில் இருந்தாய். உனக்குத் தெரிந்திருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ஆகவே காலையில் பார், ஒவ்வொரு காலையும் பார். வியாழக்கிழமைத் தாளவாடி பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒரு லிட்டர் கூலன்ட்டும் அதே அளவு டிஸ்டில்டு வாட்டரும் கொடுத்து அனுப்புகிறேன். பாதிக்குப் பாதி கலந்து ஊற்று. மறுநாள் காலையில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஒரு வரியாவது எழுது.

அப்பா