பேரியம் குளோரைடு பாட்டிலில் பேரியம் கார்பனேட்: புகார்

அனுப்புநர்:
வேதியியல் ஆசிரியை,
மேல்நிலைப் பள்ளி ஆய்வகம்.

பெறுநர்:
விற்பனைப் பிரிவு மேலாளர்.

பொருள்: லேபிள் மாறி வந்த ரசாயனத்தைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். நீங்கள் அனுப்பிய 500 கிராம் பேரியம் குளோரைடு பாட்டில் சென்ற வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. லேபிளில் பேரியம் குளோரைடு என்றுதான் இருக்கிறது. உள்ளே இருப்பது அது இல்லை.

பிளஸ் டூ பிள்ளைகளின் சால்ட் அனாலிசிஸுக்காக (ஓர் உப்பில் என்னென்ன இருக்கிறது என்று கண்டறியும் சோதனை) 5 கிராம் எடுத்து 50 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் போட்டேன். 100 மி.லி. நீரில் 30 கிராமுக்கு மேல் கரைய வேண்டிய உப்பு அது. இதுவோ சுண்ணாம்பு கலக்கியதுபோல நின்று, அப்புறம் அடியில் படிந்துவிட்டது. சூடாக்கியும் பலனில்லை. கடைசியில் நானே மாணவியாக மாறி உங்கள் பாட்டிலுக்கு சால்ட் அனாலிசிஸ் செய்ய வேண்டியதாயிற்று. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் நுரைத்துப் பொங்கியது. வந்த வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கியது. எனவே கார்பனேட். அமிலத்தில் குழைத்துச் சுடரில் காட்டினால் ஆப்பிள் பச்சை. எனவே பேரியம்.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "கரையலைன்னா நல்லதுதானே மேடம், ஆபத்தில்லை. எக்ஸ்ரேவுக்கு ஆஸ்பத்திரியிலேயே பேரியம் குடிக்கக் கொடுக்கிறாங்களே" என்றார் பேசியவர். இந்தப் பதிலால்தான் கடிதம் இவ்வளவு நீள்கிறது.

ஆஸ்பத்திரியில் கொடுப்பது பேரியம் சல்பேட். அது தண்ணீரிலும் கரையாது, வயிற்று அமிலத்திலும் கரையாது. போனபடியே வெளியே வந்துவிடும். கார்பனேட் தண்ணீரில் மட்டும்தான் அடங்கிக் கிடக்கும். வயிற்றுக்குள் போனால் என் சோதனைக்குழாயில் நடந்ததேதான் அங்கேயும் நடக்கும்: குளோரைடாக மாறிக் கரைந்து ரத்தத்தில் ஏறும். ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், தசைகள் தளரும், இதயத் துடிப்பு தடுமாறும். எலி மருந்தாகப் பயன்பட்ட பொருள் ஐயா அது! ரசாயனம் விற்கும் இடத்தில் இருப்பவருக்கே இந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பாட்டிலில் நச்சுக் குறியும் இல்லை. உள்ளே குளோரைடே இருந்திருந்தாலும் அந்தக் குறி இருந்திருக்க வேண்டும்.

அமிலம் ஊற்றினால் குளோரைடு கிடைத்துவிடுமே என்பீர்கள். கிடைக்கும்தான். அவசரத்துக்கு அப்படிக் கொஞ்சம் தயாரித்துத்தான் அன்றைய சல்பேட் சோதனையை ஒப்பேற்றினேன். ஆனால் நான் காசு கொடுத்தது குளோரைடுக்கு.

இந்தப் பாட்டிலை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, பகுப்பாய்வுச் சான்றுடன் சரியான பொருளை அனுப்புங்கள். அதைவிட முக்கியம், இதே பேட்ச் எண்ணில் வேறு எந்தெந்தப் பள்ளிகளுக்குப் பாட்டில் போனது என்று பார்த்து இன்றே தகவல் சொல்லுங்கள். எனக்குக் கார்பனேட் வந்திருக்கிறது என்றால், கார்பனேட் கேட்டவருக்கு என்ன போயிற்றோ!

பாட்டில் இப்போது பூட்டிய அலமாரியில் இருக்கிறது. ஒரு வாரத்துக்குள் எழுத்து மூலமான பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை

இணைப்பு: பில் நகல், லேபிளின் புகைப்படம்.