மைனியின் அருகில் உட்கார்ந்தவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான சின்னத்துறையிலிருந்து எழுதுகிறேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது என் அண்ணன் ஆழ்கடலில் தங்கல் தொழிலில், அதாவது பல நாட்கள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் வேலையில் இருந்தார். அவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கரை ஒதுங்கிய உடல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க அம்மாவிடம் ரத்தம் எடுத்துப் போனார்கள், எதுவும் பொருந்தவில்லை. நீரோடி முதல் இரயுமன்துறை வரை எங்கள் கரையில் இப்படிக் காத்திருந்த வீடுகள் பல.

அந்த நாட்களில் உதவிய எல்லோருக்கும் நன்றி சொல்ல எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி, வீடு வீடாக வந்த மனநல ஆலோசகர் அக்காவுக்கு. அரிசியும் போர்வையும் தந்துவிட்டுப் போனவர்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் மைனி, அதாவது அண்ணனின் மனைவி, யாரிடமும் வாய் திறக்காமல் இருந்த நேரம் அது. அக்கா வந்தார், கேள்வி எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி கொடுத்தனுப்பிய சாளை சட்டியில் கிடந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு செதிள் சுரண்ட உட்கார்ந்தார். அவருக்கு அது தெரியவில்லை. மீன் கையில் நழுவிக்கொண்டே இருந்தது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த மைனி கத்தியை வாங்கி, "வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சுரண்ட வேண்டும்" என்றார். பத்து நாட்களில் மைனி பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் அடுக்களை வாசலில் நின்று அழுதேன்.

உறவினர்கள் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். சிலர், "வருவான், கும்பிட்டுக்கொண்டிரு" என்றார்கள். இரண்டுமே மைனியை வதைத்தன. காணாமல் போனவர் ஏழு ஆண்டுகள் கழிந்தால்தான் இறந்தவராகக் கருதப்படுவார் என்பது சட்டம். ஒக்கிக்காக அதைத் தளர்த்தி 20 லட்சம் ரூபாய் நிவாரணம் தந்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பணம் வேண்டும். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அவரை நானே கொன்றதாகிவிடும் என்று மைனி பேனாவைத் தொட மறுத்தார். அப்போது அக்கா சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்: "தாளில் இருப்பது அரசாங்கத்தின் கணக்கு. உங்கள் மனத்தின் கணக்கை நீங்கள் முடிக்கிறபோது முடியுங்கள்."

இந்தத் துயரத்துக்கு 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் இருப்பதையும் அவரே சொன்னார். வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு பேசித்தான் பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதை ஆராய்ந்தாராம். போரோ புயலோ, உடல் வராத வீட்டில் துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு அதே 2017 முதல் கிளிநொச்சியில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரின் படத்தைச் செய்தித்தாளில் பார்த்த மைனி, "என்னைப் போலத்தான் இவர்களும்" என்றார். தனக்கு வந்தது பைத்தியம் அல்ல என்று அவர் நம்பியது அன்றிலிருந்துதான்.

தூக்கமே இல்லாமல் போனபோது ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் மருந்து தந்த மருத்துவருக்கும், ஊர் வாய்க்கு அஞ்சாமல் ஒவ்வொரு முறையும் உடன் பஸ் ஏறிய அருட்சகோதரிக்கும் நன்றி. பின்னாளில் ஒரு நள்ளிரவில், காற்றுச் சத்தம் கேட்டு நடுங்கிய மைனியிடம் 14416 என்ற டெலி மனாஸ் அரசு மனநல உதவி எண்ணில் விடியும் முன்வரை தமிழில் பேசிய அந்தக் குரலுக்கும் நன்றி. பெயர் தெரியாது.

இந்த ஆண்டுதான் மைனி அண்ணனின் படத்துக்கு முதல் மாலை போட்டார். யாரும் சொல்லிப் போடவில்லை. தாலி இன்னும் கழுத்தில் இருக்கிறது. அதை யாரும் இப்போது கேட்பதில்லை.

அக்கா, நவம்பர் 30 அன்று நினைவுத் திருப்பலிக்கு நீங்கள் வரவேண்டும். மதியம் சாளைக் குழம்புதான் என்று மைனி உங்களிடம் சொல்லச் சொன்னார்.