‘ஆட்டோ’ என்ற முன்னொட்டைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டுங்கள்

பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கும் கலைச்சொல் ஆக்கும் அறிஞர்களுக்கும் வணக்கம்.

நான் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அண்மையில் ஒரு மாணவி, “ஆட்டோஇம்யூன் என்றால் எதிர்ப்புச் சக்தி தானாகவே வந்துவிடும், அப்படித்தானே டீச்சர்?” என்று கேட்டாள். அவள் மேல் தவறே இல்லை. ஆட்டோமேட்டிக், ஆட்டோபைலட், ஆட்டோஃபோகஸ் என்று அவள் பழகிய சொற்களில் எல்லாம் ஆட்டோ என்றால் ‘தானாக’ என்றுதான் பொருள். உடலின் எதிர்ப்பாற்றல் அந்த உடலையே தாக்கும் நோய் அது என்று விளக்கினேன். “அப்படியானால் இரண்டுக்கும் ஒரே ஆட்டோவா?” என்றாள். அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவருகிறேன்.

ஆமாம், ஒரே ஆட்டோதான். ‘தான்’ என்று பொருள்படும் ‘அவுட்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் ஆங்கிலக் கூட்டுச்சொல்லில் நுழைந்தபின் அந்தத் ‘தான்’ செயலைச் செய்கிறதா, செயலுக்கு ஆளாகிறதா என்பது வெளியே தெரிவதில்லை. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. ‘தான்’ எழுவாய். ‘தன்’ உருபு ஏற்கும் வடிவம்: தன்னை, தனக்கு, தன்னால். ஆங்கிலச் சொல் மூடி வைத்திருப்பதை நம் இலக்கணம் திறந்து காட்டுகிறது. இதை வகுப்பில் நாம் பயன்படுத்துவதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

‘தானியங்கி’ எவ்வளவு நல்ல சொல்! தான் இயங்குவது. ஹோமரின் இலியட் என்ற பழைய கிரேக்கக் காப்பியத்தில், 18 ஆம் பகுதியில், ஹெஃபைஸ்டஸ் என்னும் கொல்லர் தெய்வம் சக்கரம் வைத்த முக்காலிகளைச் செய்கிறார். அவை தேவர் சபைக்குத் தாமே உருண்டு போய்த் திரும்பிவரும். அந்த இடத்தில் வரும் கிரேக்கச் சொல்லின் வழியில்தான் இன்றைய ஆட்டோமேட்டிக் வந்திருக்கிறது. பசுந்தாவரம் போலத் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் உயிரைக் குறிக்கும் ஆட்டோட்ரோஃப் என்ற சொல்லும் இந்தத் ‘தானே செய்யும்’ கூட்டம்தான்.

தன்வரலாறு (ஆட்டோபயோகிராஃபி), தன்னுடல் தாக்குநோய் (ஆட்டோஇம்யூன் நோய்) இரண்டும் மற்றக் கூட்டம். செயல் தன் மேலேயே திரும்புகிறது. தற்காப்பு என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டினால் போதும், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். செல் தன் பழுதான பகுதிகளைத் தானே செரித்து மறுபடி பயன்படுத்துவதற்கு 1963 இல் கிறிஸ்டியன் டி டூவ் என்ற அறிவியலாளர் ஆட்டோஃபேஜி என்று பெயர் வைத்தார். அது நடக்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக யோஷினோரி ஓசுமி 2016 இல் நோபல் பரிசு பெற்றார். அதற்குத் ‘தானியங்கு உண்ணல்’ என்று எழுதினால் பொருளே போய்விடும். ‘தன்னுண்ணல்’ என்றால் நிற்கிறது.

சில சொற்களுக்கு இந்த இரண்டு கூட்டமும் போதாது. ஆட்டாப்ஸி என்பதன் மூலப்பொருள் ‘தன் கண்ணால் பார்த்தல்’. பிறகுதான் அது இறந்த உடலை ஆராய்வதற்கென்று ஒதுங்கியது. இதற்கெல்லாம் முன்னொட்டை மொழிபெயர்க்கவே வேண்டாம். உடற்கூறாய்வு என்பதே சரி. ஆட்டோரிக்‌ஷாவில் இருப்பதோ ஆட்டோமொபைலின் வெட்டுத்துண்டு. ‘தன்’ என்ற பொருளை அங்கே தேடிப் பயனில்லை.

ஆட்டிசம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மனநல மருத்துவர் யூஜென் புளூலர் 1911 இல் வெளியிட்ட நூலில், மனச்சிதைவு உள்ளவர்கள் தமக்குள் ஒதுங்கும் நிலையை இந்தச் சொல்லால் குறித்தார். 1943 இல் லியோ கன்னர் என்ற இன்னொரு மனநல மருத்துவர் குழந்தைகளைப் பற்றி எழுதியபோது அதை எடுத்துக்கொண்டார். அதைத் தமிழில் ‘தன்முனைப்புக் குறைபாடு’ என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். தன்முனைப்பு என்றால் நம் காதில் ஊக்கம், அல்லது அகந்தை. ஒரு தாய் தன் குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லைப் படிக்கும்போது என்ன நினைப்பாள்? ஆட்டிசம் என்றே எழுதுங்கள், யாரையும் குத்தாது.

அப்புறம், எழுத்து ஒத்திருப்பதாலேயே உறவு வந்துவிடாது என்பதையும் ஒரு வரி சேருங்கள். எழுத்தாளரைக் குறிக்கும் ஆத்தர் லத்தீன் வழி வந்தது. இந்தக் குடும்பம் இல்லை.

நான் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. அறிவியல் பாடநூலில் ஆட்டோ என்று தொடங்கும் சொல் முதல்முறை வரும் இடத்தில், அது ‘தானே செய்வதா, தன்னைச் செய்வதா’ என்று ஒரே ஒரு வரி போடுங்கள். கலைச்சொல் பட்டியலில் ‘தானியங்கு’ என்று எழுதும் முன் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் இதைச் செய்ய முடியுமா?

அன்புடன்,
ஓர் ஆசிரியை