வண்டி உதறுது, சரி, எப்போது உதறுது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் சேலத்தில் ஒர்க்‌ஷாப் பக்கம் தலைகாட்ட முடியாது. ஏற்காடு போகணும், வண்டியை ஒரு பார்வை பார்த்துக் கொடுங்க என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பி வருகிறார்கள். அதில் நிறையப் பேர் சொல்வது இரண்டே புகார்தான். மெதுவாகப் போகும்போது வண்டி உதறுது, ஆக்சிலேட்டரை மிதிச்சா பிக்கப் இல்லை. ஜாப் கார்டிலும் ‘வைப்ரேஷன், பிக்கப் குறைவு’ என்று அவ்வளவுதான் ஏறும். அதை வைத்துக்கொண்டு முதலில் பிளக், அது கேட்கவில்லை என்றால் மவுண்டிங், அதுவும் கேட்கவில்லை என்றால் கிளட்ச் செட் என்று மாற்றிக்கொண்டே போய், பில் ஐந்து இலக்கத்தைத் தொட்ட பிறகும் வண்டி அதே உதறலோடு வீட்டுக்கு வருகிறது. இந்த ஊரில் ஓர் உதிரி பாகக் கடையின் கவுன்ட்டரில் பல வருடம் நின்றவன் நான். போன வாரம் ஒரு பாகம் வாங்கிப் போனவர் இந்த வாரம் வேறொரு பாகத்துக்குச் சீட்டோடு வந்து நிற்பதை அங்கே நின்று பார்த்தால் வயிறு எரியும்.

ஒர்க்‌ஷாப்காரர்களிடமும் வண்டி வைத்திருப்பவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன்னால், எப்போது உதறுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே உதறுகிறதா, கிளட்சை விட்டு நகரும்போதா, ஓடும்போதா, பிரேக் பிடித்தாலா, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடுகிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தாலே முக்கால்வாசிப் பாகங்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து விலகிவிடும்.

உதறல் என்றதும் ‘வீல் பேலன்சிங் போட்டுடுங்க’ என்பது நம் ஊரில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பேலன்சிங் சரியில்லாத சக்கரம் கொண்டலாம்பட்டி பைபாஸில் 80, 100-ல் போகும்போது ஸ்டியரிங்கில் தெரியும். செவ்வாய்ப்பேட்டை சந்து பொந்துகளில் 25-ல் ஊர்ந்து போகும்போது தெரியாது. சக்கரத்தில் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும் எடை இழுக்கிற விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது, அதாவது 25-ல் இருப்பதைவிட 100-ல் 16 மடங்கு. ஆகவே 20, 30-லேயே ஸ்டியரிங் இடமும் வலமுமாக ஆடினால் டயரையே பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பிப் பட்டை பிரிந்து ஓரிடத்தில் புடைத்திருக்கலாம், அல்லது பள்ளத்தில் விழுந்து ரிம் வளைந்திருக்கலாம். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, ஒரு ஸ்குரூடிரைவரை டயர் முகத்துக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு கையால் சுற்றினால் இடைவெளி ஓரிடத்தில் கூடுவதும் குறைவதும் கண்ணுக்கே தெரியும். இல்லையென்றால் சந்தேகப்படுகிற சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியைப் போட்டு ஒரு ரவுண்டு ஓட்டுங்கள் (சில புதுக் கார்களில் ஸ்டெப்னி சின்ன சைஸில் வருகிறது, அப்படி இருந்தால் முன் சக்கரத்தைப் பின்னால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்). டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2317 என்றிருந்தால் 2017-ஆம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. பட்டன் (டயர் முகத்தின் மேடுகள்) தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று அதே டயரில் மலை ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்தது மவுண்டிங். என்ஜினைத் தாங்குகிற அந்த ரப்பர் கிழிந்தால் வண்டி நிச்சயம் அதிரும், ஐடிலிங்கில் டாஷ்போர்டு கடகடக்கும், கியர் போட்டு நகரும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். ஆனால் மவுண்டிங் போனதால் பிக்கப் குறையாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டாலே நிறையப் பணம் மிச்சம். உதறலும் பிக்கப் குறைவும் சேர்ந்தே வந்தால் முதலில் ‘மிஸ்ஸிங்’ இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு தம்பி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் வைத்திருப்பவர், ஒருநாள் என்னிடம் வந்தார். “அண்ணா, மவுண்டிங் மூணும் மாத்தணும்னு சொல்றாங்க, உங்க கடையில விலை எவ்வளவு வருங்க?” நான் விலை சொல்லவில்லை. “நியூட்ரல்ல நிக்கறப்பவும் உதறுதா?” என்று கேட்டேன். “ஆமாங்கண்ணா, ஏசி போட்டா இன்னும் ஜாஸ்தி. அடிவாரம் தாண்டினா செகண்ட் கியர்லயே முக்குதுங்க.” ஸ்டார்ட் பண்ணச் சொல்லி சைலன்சர் வாயில் கையைக் காட்டினேன். சீராக வர வேண்டிய காற்று ‘புப்… புப்… புப்’ என்று விட்டுவிட்டு வந்தது. ஸ்கேனரைச் சொருகினால் பி0302 என்ற கோளாறு எண் (கோடு) வந்தது. கடைசி எண்தான் சிலிண்டர், இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். அதற்காக உடனே இரண்டாவது சிலிண்டரின் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) வாங்கிப் போட்டுவிடக் கூடாது, பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் எதுவாகவும் இருக்கலாம். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, சூடு ஆறின பிறகு இரண்டாவது சிலிண்டர் காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டோம். பழைய கோளாறு எண்ணை அழித்துவிட்டு கோரிமேடு வரை ஓட்டிப் போனோம். திரும்ப ஸ்கேன் செய்ததும் பி0303 வந்தது. காயிலோடு கோளாறும் இடம் மாறிவிட்டது, அப்போது காயில்தான் குற்றவாளி. ஒரே ஒரு காயில் மாற்றியதில் உதறலும் நின்றது, பிக்கப்பும் வந்தது. கோடு மாறாமல் 0302-ஆகவே நின்றிருந்தால் அடுத்து பிளக்கை இடம் மாற்றிப் பார்த்திருப்போம். இந்த வேலைக்குச் செலவு ஒன்றும் கிடையாது, பொறுமைதான் வேண்டும்.

டாஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு சும்மா எரிந்துகொண்டிருந்தால் சீக்கிரம் ஒர்க்‌ஷாப் போங்கள் என்று அர்த்தம். பெட்ரோல் காரில் அது சிமிட்டிச் சிமிட்டி எரிந்தால் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுங்கள், மலை ஏற நினைக்காதீர்கள். மிஸ்ஸிங்கால் எரியாத பெட்ரோல், சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதைப் பாழாக்கும். அதன் விலைக்குப் பக்கத்தில் காயில் விலையெல்லாம் சுண்டைக்காய். கன்வர்ட்டர் உள்ளே உருகி அடைத்துக்கொண்டால் புகை வெளியேற வழியில்லாமல் பிக்கப் இன்னும் படுத்துவிடும்.

கிளட்ச் விஷயத்தில் ஏற்காடு சாலைக்கென்று தனிக் கதை உண்டு. முதல் கியரில் கிளட்சை மெல்ல விடும்போது மட்டும் வண்டி ‘தட தட’வென்று நடுங்கி, நகர்ந்த பிறகு அமைதியாகிவிட்டால் அது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் சமாச்சாரம். பிளேட்டில் ஆயில் பட்டிருக்கும், அல்லது சூட்டில் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழத்திருக்கும். நான்காவது கியரில் 40-ல் போகும்போது ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் என்ஜின் சத்தம் மட்டும் எகிறி வேகம் பின்னாலேயே தங்கினால் பிளேட் வழுக்குகிறது. கீழே இருந்து மேலே வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் முன்னால் பஸ் திரும்புகிற வரை அரை கிளட்சில் வண்டியைத் தொங்கவிட்டால் பிளேட் என்ன ஆகும்? ஹேண்ட் பிரேக் போட்டு நில்லுங்கள், வழி கிடைத்ததும் எடுங்கள். கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி கார்க்காரர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது அதே பிளேட்தான், ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்திப் பிடித்தால் அதே கருகல் வாடைதான் வரும். இன்னொன்று, குறுகலான ஏற்றத்தில் மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், இது சாலை விதியிலேயே இருக்கிறது. மேலிருந்து வருகிறவர் ஹாரன் அடித்துக்கொண்டே முட்டிக்கொண்டு வந்தால், ஏறுகிறவர் நின்று, பின்னால் உருண்டு, மறுபடி கிளட்சைக் கருக்கி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் தரை நடுங்குகிற மாதிரி இருந்து காலை எடுத்தவுடன் நின்றுவிட்டால், சக்கரத்தைச் சுற்றுகிற தண்டான ஆக்சிலின் உள்பக்க ஜாயின்ட்டைப் பாருங்கள். வளைவில் ஒடித்துத் திரும்பும்போது ‘கட் கட்’ என்றால் வெளிப்பக்க ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கம் தெறித்திருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். பிரேக் பிடித்தால் மட்டும் பெடலும் ஸ்டியரிங்கும் துடித்தால் பிரேக் டிஸ்க்கில்தான் கோளாறு. மலையிலிருந்து பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும், செகண்ட் கியரில் இறங்கினால் பிரேக்குக்கு வேலை பாதியாகும். அப்புறம், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரின் பின் இறுகிப் போய் பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடுகிற வண்டிக்கும் பிக்கப் இருக்காது. கொஞ்ச தூரம் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்திவிட்டு நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம், சூடு எது என்று காற்றிலேயே தெரியும். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் என்ஜினைத் திட்டுவதை விட்டுவிடுங்கள்.

உதறல் இல்லாமல் வெறும் மந்தம் மட்டும்தான் என்றால் மலிவானதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஏர் ஃபில்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். கருப்பூர், மாமாங்கம் என்று மேக்னசைட் என்ற வெள்ளைக்கல் பூமியிலும் மேம்பால வேலை நடக்கிற இடங்களிலும் தினமும் ஓடுகிற வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கு செல்லாது, அதற்கு முன்பே ஃபில்டர் மாவு சலித்த மாதிரி வெளுத்துவிடும். பிறகு, என்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடுகிற த்ராட்டில் பாடியில் படிந்த கரி. டீசலில், காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிற டர்போவிலிருந்து போகிற ஹோஸ் வெடித்திருந்தால் மிதிக்கும்போது ‘உஸ்ஸ்’ என்ற சத்தமும் பின்னால் கறுப்புப் புகையும் வரும். டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது எல்லாவற்றுக்கும் எத்தனால் பெட்ரோல் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் குறையும் என்பது கணக்கு. மைலேஜில் அது தெரியும். அதற்காக ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் போகாது.

மேலே போகப் போக மந்தமாவது எல்லாமே கோளாறும் இல்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் சக்தி இழக்கும், அங்கே காற்று அவ்வளவு மெலிசு. ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், முழு ஏசி என்று ஒரு லிட்டர் என்ஜினை ஏற்றிவிட்டு மேலே போய்ப் பிக்கப் இல்லை என்றால் வண்டி என்ன செய்யும்? அதைவிட மோசம், பெட்ரோல் மிச்சம் என்று மூன்றாவது கியரில் 20-ல் ஏறுவது. அப்போது வண்டி உதறுவது நியாயம், கியரை இறக்குங்கள். மூன்று சிலிண்டர் என்ஜினும் ஐடிலிங்கில் நான்கு சிலிண்டரைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆடும், அது பிறவிக் குணம். புதிதாக வாங்கியவர்கள் பழைய காரோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம், அதே மாடல் இன்னொரு காரில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊர் ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு என் கோரிக்கை. வண்டிக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அஸ்தம்பட்டியிலிருந்து அடிவாரம் வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நிறுத்தம், நெரிசல், ஏற்றம் மூன்றும் அந்த வழியிலேயே கிடைத்துவிடும். எப்போது உதறியது, எந்தக் கியரில், என்ன வேகத்தில் என்று ஜாப் கார்டில் எழுதி வண்டிக்காரரிடமும் ஒரு நகல் கொடுங்கள். ஸ்கேன் செய்தால் கோடு எண்ணைப் பில்லிலேயே போடுங்கள். மாற்றின பழைய பாகத்தை ஒரு கவரில் போட்டு வண்டியிலேயே வைத்துவிடுங்கள், கேட்டால்தான் தருவோம் என்று இருக்க வேண்டாம். தங்கள் நாளிதழும் கோடை விழாச் செய்திகளோடு, மலை ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டியதை ஒரு சின்னக் கட்டமாக ஏப்ரல் மாதத்திலேயே வெளியிட்டால் உதவியாக இருக்கும். மே மாதம் போட்டால் எல்லோரும் ஏற்கெனவே வளைவில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.