குடையை எடுக்காத அக்காவுக்கு

அக்கா,

சாலிகிராமம் ஸ்டுடியோவைக் காலி பண்ணுகிறேன். இந்த மாதக் கடைசியோடு சரி. வாடகைக் கதை, ஓனர் கதையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பழைய ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், 2019 ஜூன் ஃபோல்டர் வந்தது, நம்ம தனுஷ்கோடி ஷூட். அதிலிருந்து இரண்டு நாளாக வேறு எதையும் மூட்டை கட்ட ஓடவில்லை. போனில் பேசியிருக்கலாம். நீங்கள் எடுக்க மாட்டீர்களோ என்று பயம், எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்று அதைவிடப் பயம்.

நம்ம லைனில் இருக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் அன்றைக்கு மாடலாக நின்ற அந்தப் பெண் யார், எந்தக் கடைப் புடவை என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அவர் இப்போது வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறார். நன்றாக இருக்கட்டும்.

நான் கேமரா, நீங்கள் மேக்கப் என்று அந்த ஒன்றரை வருஷம் என்ன ஓட்டம் ஓடினோம்! காரைக்குடி வீட்டில் ஆத்தங்குடி டைல்ஸ் மேல் மாடலை நிறுத்தினால் ரிஃப்ளெக்டரே வேண்டாம், தரையிலிருந்தே பாதி வெளிச்சம் முகத்துக்கு வந்துவிடும் என்று நான் பீற்றிக்கொண்டிருந்தேன். "தரை வழுக்குது தம்பி, முதல்ல ஹீல்ஸைக் கழட்டச் சொல்லு" என்றீர்கள். ஹம்பியில் டிரைபாடுக்கு அனுமதிக் கடிதம் எங்கே என்று காவலாளி கேட்க, டிரைபாடை ஆட்டோவிலேயே போட்டுவிட்டு உங்கள் தோள் மேல் லென்ஸை வைத்து எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஆடாத படம் அதில் ஏழோ எட்டோ இருக்கிறது. ஒரு ஊரிலிருந்து வந்து துணி துவைக்கும் முன்னால் அடுத்த ஊருக்கு டிக்கெட். எனக்கு அப்போது திறமை இருப்பதாக நினைப்பு. இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் பெண்ணின் அம்மாவும் என் திறமையைப் பார்த்து வெளியூருக்கு அனுப்பவில்லை. "மேக்கப் அக்கா வர்றாங்கல்ல? அப்போ சரி" என்பார்கள். அவ்வளவுதான் விஷயம். இது எனக்குப் புரிந்தது ரொம்பத் தாமதமாக.

அந்த ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தருகிற புழல், செம்பரம்பாக்கம் ஏரியெல்லாம் காய்ந்து கிடந்தன. ராமேஸ்வரம் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி இரண்டு மணி வரைக்கும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றுவிட்டுத்தான் வந்தீர்கள் என்பது எழும்பூரில் ரயில் ஏறும்போது தெரியும் எனக்கு. கேட்டேன், உச்சுக் கொட்டினேன், மறந்துவிட்டேன்.

தனுஷ்கோடியில் காலை ஏழு மணிக்குள் முடிக்க வேண்டிய வேலை. பதினொன்றரை ஆகிவிட்டது. கொண்டைக்கு மட்டும் ஒன்றே கால் மணி நேரம் எடுத்தது நீங்கள்தான், அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும். உச்சி வெயிலில் டாப் லைட் விழுந்தால் கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் வரும், எந்த போட்டோகிராஃபரும் அந்த நேரத்தில் முகம் எடுக்க மாட்டான். நான் எடுத்தேன். 1964 புயலில் மொட்டையாகிப் போன அந்தச் சர்ச் சுவருக்கு முன்னால், முகத்தை மேலே தூக்கச் சொல்லி, கண்ணைத் திறந்தபடி சூரியனைப் பார்க்கச் சொல்லி. அரிச்சல்முனை வரை 2017-ல் ரோடு வந்த பிறகு ஆளாளுக்கு அங்கே போய் எடுத்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு வேறு மாதிரி ஒன்று வேண்டியிருந்தது.

நீங்கள் அந்தக் கறுப்புக் குடையோடு பக்கத்தில். காற்று அதை மல்லாத்திப் போட்டு ஒரு கம்பி உடைந்து, ஹேர்பின்னால் முடிச்சுப் போட்டுத் திரும்பவும் பிடித்தீர்கள். ஃப்ரேமில் வருது, தள்ளுங்க என்றேன். தள்ளவில்லை. நிழல் விழுது என்றேன். "விழட்டும். புள்ளைக்குக் கிறுகிறுங்குதாம், ரெண்டு தடவ சொல்லிடுச்சு, உனக்குக் காதுல விழலையா?"

விழுந்தது அக்கா. இரண்டு தடவையும் விழுந்தது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்துவிட்டால் எனக்கு எதுவும் கேட்காது என்று வேனில் எல்லோரிடமும் சொன்னேனே, அது பொய்.

இன்னும் ஒன்பது ஃபிரேம் எடுத்தேன். நேற்று எண்ணிப் பார்த்தேன். அப்புறம்தான் அவர் மணலில் உட்கார்ந்தார். அங்கே சிப்பி மாலை விற்றுக்கொண்டிருந்த ஆயா, ஓலைக் கொட்டகைக்குப் பின்னால் மணலில் தோண்டி வைத்திருந்த ஊற்றில் சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு சொம்பு நிரப்பிக் கொடுத்தார். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நல்ல தண்ணீர். முதலில் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்து, முகத்தில் தெளித்து, மிச்சத்தை நீங்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, "மெட்ராஸ்ல குடத்தோட நிக்கிறோம், இங்க பாரேன்" என்று சிரித்தீர்கள். அந்த நேரத்தில் சிரித்தீர்களே! அதுதான் எனக்கு எரிந்தது என்று நினைக்கிறேன். டிரைவர், உதவிக்கு வந்த பையன், அந்த ஆயா எல்லோருக்கும் முன்னால் நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இல்லாமல் போயிருந்தால் நல்லது.

மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நீங்கள் செய்ததும் சரியில்லை. என் முகத்துக்கு நேரே காறித் துப்பியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஊருக்கு வந்த மறுவாரமே அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டீர்கள். அவர் இன்னொருவருக்குச் சொல்ல, அது நாலு பேருக்குப் போக, மூன்று ஷூட் வரிசையாகக் கேன்சல். என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை. "அக்கா இனிமே வரலையாமே" என்று மட்டும் கேட்டார்கள். வெயிலில் நிற்க வைத்ததற்கும் அவர்கள் நினைத்துக்கொண்ட வேறு எதற்கோ ஆன வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல உங்கள் ஒருவரால்தான் முடியும், நீங்கள் வாயே திறக்கவில்லை. உங்கள் புது மேக்கப் பெட்டிக்கு முன்பணம் போட்டவன் நான். இதை எழுதும்போதே கேவலமாக இருக்கிறது, இருந்தாலும் அழிக்கப் போவதில்லை, ஏனென்றால் அதை மாதாமாதம் கழித்துவிட்டீர்கள், நான்தான் அந்த ராமேஸ்வரம் மூன்று நாள் பேட்டாவை இன்றைக்கு வரைக்கும் கொடுக்கவில்லை. நீங்கள் ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்தப் படம் உங்களுக்குத் தெரியும், எல்லோரும் பார்த்த படம்தான். அதற்குப் பிறகு எனக்கு வந்த வேலையெல்லாம் அதைப் பார்த்து வந்ததுதான், 2020 மார்ச்சில் ஊரை மூடுகிற வரைக்கும். ஆனால் நீங்கள் பார்த்தது கிராப் பண்ணியது. ஒரிஜினலில் இடது ஓரத்தில் உங்கள் கை இருக்கிறது. முழங்கை வரைக்கும், பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு, மணிக்கட்டில் ஹேர்பின் வரிசை குத்திய ரப்பர் பேண்ட். குடையின் நிழல் அந்தப் பெண்ணின் நெற்றியிலும் கண்ணிலும் மட்டும் விழுந்திருக்கிறது. கண்ணுக்குழி கறுக்காமல் இருந்ததே அதனால்தான். எல்லோரும் அந்த வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டபோது நான் என்னென்னவோ விளக்கம் கொடுத்திருக்கிறேன்.

அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன், கிராப் பண்ணாமல். இங்கே போடவில்லை, யாரும் கேட்க வேண்டாம். பரண் மேலிருந்து குடையும் கிடைத்தது. ஹேர்பின் துருப்பிடித்துப் போயிருக்கிறது, கழட்டவில்லை.

முப்பதாம் தேதி சாயங்காலம் வரைக்கும் சாவி என்னிடம்தான் இருக்கும். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் கீழே டீக்கடை அண்ணனிடம் எல்லாவற்றையும் கொடுத்து வைக்கிறேன், பேட்டா கவரும் அதோடு இருக்கும். மூன்று நாளுக்குத்தான் போட்டிருக்கிறேன். முந்தின ராத்திரி லாரிக்கு நின்றதற்கு எவ்வளவு போடுவது என்று தெரியவில்லை.