40-ஆம் கட்டத்தில் ஒரு வரி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் சந்தோஷம். அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் தபாலில் ஒரு காகிதம் வர வேண்டியிருந்தது, அது வந்த பிறகு எழுதலாம் என்று வைத்துவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. ஆயுள் முழுக்கப் பதிவறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நீ. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். நாங்கள் இங்கே குடிவந்த முதல் குளிர்காலத்தில், கேட்காமலே எங்கள் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனவர். 1967-இல் கட்டாய ஆள்சேர்ப்பில் ராணுவத்துக்குப் போய், 1968 மார்ச்சில் வியட்நாமில் இறங்கி, சரியாக ஒரு வருஷம் அங்கே இருந்தவர். அவருக்கு இடது கையில் இரண்டு விரல் மடங்காது. காபிக் கோப்பையைப் பிடித்தால் அந்த இரண்டும் தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். பத்து வருஷமாகப் பார்க்கிறேன். அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அவர் மனைவி இறந்த பிறகு மகள் வந்து பீரோவை ஒழுங்குபடுத்தினாள். அப்போது அவருடைய டிடி 214 கிடைத்தது. இங்கே அமெரிக்காவில் ராணுவத்திலிருந்து விடுவிக்கும்போது தரும் படிவம் அது. ஒரே தாள்தான், ஆனால் மருத்துவமனை, வீட்டுக் கடன், கடைசியில் அடக்கச் சடங்கு வரைக்கும் அதைத்தான் கேட்பார்கள். அந்தக் காலத்துப் படிவத்தில் 24-ஆம் கட்டம் பதக்கங்களுக்கானது. அவருடையதில் மூன்று பெயர்கள் இருந்தன, போருக்குப் போன எல்லோருக்கும் பொதுவானவை. மகள் கேட்டிருக்கிறாள், "அப்பா, காயம்பட்டவர்களுக்குப் பர்ப்பிள் ஹார்ட் தருவார்களே, அது எங்கே?" "அது வரவில்லை" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாராம். மறுநாள் அவள் தாளோடு என்னிடம் வந்தாள். படிவம் என்றால் நான் பயப்பட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

தாளைப் பார்த்தால், பர்ப்பிள் ஹார்ட் மட்டுமல்ல, இன்னும் இரண்டு விடுபட்டிருந்தன. அதற்கெல்லாம் யாரோ செய்த அநியாயம்தான் காரணம் என்று முதலில் கோபப்பட்டேன். பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். வியட்நாமில் இருந்த அமெரிக்கத் தரைப்படைப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் தென் வியட்நாம் அரசின் கேலன்ட்ரி கிராஸ் பிரிவுப் பாராட்டு (தனி ஆளுக்கு அல்ல, முழுப் படைப்பிரிவுக்கும் தரும் வீர விருது) உண்டு. ஆனால் அதற்கான பொது ஆணை 1974-இல்தான் வெளியானது. இவர் 1969-லேயே வீட்டுக்கு வந்துவிட்டார். தட்டச்சு செய்தவர் அடிக்க அப்போது ஆணையே கிடையாது. அடுத்தது வியட்நாம் சர்வீஸ் மெடல். அந்தப் போரை 17 காலகட்டங்களாகப் பிரித்து, ஒருவர் இருந்த ஒவ்வொரு காலகட்டத்துக்கும் நாடாவில் ஒரு சின்ன வெண்கல நட்சத்திரம் வைப்பார்கள். 1968 ஜனவரி 30-இல் தொடங்கிய டெட் எதிர்த்தாக்குதல் என்ற காலகட்டம் முதல் 1969 பிப்ரவரி 23-இல் தொடங்கியது வரை இவருடைய ஒரு வருஷத்தில் ஐந்து காலகட்டங்கள் வருகின்றன. ஐந்து வெண்கலத்துக்குப் பதில் ஒரு வெள்ளி நட்சத்திரம். (சில்வர் ஸ்டார் என்கிற வீரப் பதக்கம் வேறு, குழப்பிக்கொள்ளாதே.) படிவத்தில் பதக்கத்தின் பெயர் இருந்தது, நட்சத்திரம் இல்லை. விடுவிப்பு வரிசையில் நூறு பேர் நிற்கும்போது யார் தேதி பார்த்துக் காலகட்டம் எண்ணுவார்கள்?

இவை இரண்டும் தேதியை வைத்தே தீர்ந்துவிடும். பர்ப்பிள் ஹார்ட் அப்படியில்லை. எதிரியின் தாக்குதலில்தான் காயம் ஏற்பட்டது, மருத்துவப் பணியாளர் சிகிச்சை தந்தார், அது பதிவாகியிருக்கிறது என்று மூன்றையும் காட்ட வேண்டும். அதனால் செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசிய ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு எஸ்எஃப் 180 படிவம் அனுப்பி, முழுக் கோப்பின் நகலையும் கேட்டோம். டிடி 214 மட்டும் போதும் என்று நினைத்து நிறையப் பேர் அங்கேதான் தவறுகிறார்கள். கேட்க வேண்டியது முழுக் கோப்பு.

கனத்த உறையாக வந்தது. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தோம். டிஏ 20 என்று ஒரு மடிப்பு அட்டை இருந்தது, நம்மூர் பணிப் பதிவேடு மாதிரி. எந்தப் பிரிவு, எந்தத் தேதி, என்ன பயிற்சி எல்லாம் அதில் இருக்கும். பதக்கத்துக்கான 41-ஆம் கட்டத்தில் அதே மூன்று பெயர்கள். அதற்கு நேர் மேலே 40-ஆம் கட்டம், காயங்களுக்கானது. அதில் ஊதா மசியில் சாய்ந்த எழுத்தில் ஒரே ஒரு வரி: இடது கை, குண்டுச் சிதறல், 1968 நவம்பர், தேதியோடு. சிகிச்சைக் குறிப்பு இன்னொரு தாளில், அதே தேதி.

நண்பா, அந்த நிமிஷம் உன்னைத்தான் நினைத்தேன். ஒரு கோப்புக்குள் உண்மை எங்காவது ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும், இரண்டு தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று நீ சொல்வாயே. காயமும் பதக்கமும் ஒரே அட்டையில், ஒரு விரற்கடை இடைவெளியில். ஐம்பது வருஷத்துக்கு மேல் யாரும் இரண்டையும் சேர்த்துப் படிக்கவில்லை. பெரியவர் அந்த வரி மேல் அந்த மடங்காத விரலை வைத்து, "அப்படியானால் எழுதியிருக்கிறார்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று மருத்துவமனையில் பெயரை எழுதிக்கொண்டு, பதக்கத்துக்கான ஆணை பிறகு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். குணமானதும் அவரை வேறு பிரிவில் கிடங்கு வேலைக்குப் போட்டார்கள். ஆணை வந்ததோ இல்லையோ, அவர் கைக்கு வரவில்லை. போர்க்களத்து மருத்துவமனை போட்ட ஆணை, வீரனின் சொந்தப் பிரிவுக்கு வந்து சேராமல் போனது அவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததல்ல.

அப்புறம் டிடி 149. தரைப்படையின் ஆவணத் திருத்தக் குழுவுக்குப் போகும் விண்ணப்பம், கட்டணம் கிடையாது. பிழை தெரிந்த மூன்று வருஷத்துக்குள் கேட்க வேண்டும் என்பது விதி, நியாயம் கருதிக் குழு அதைத் தளர்த்தலாம். ஏன் இவ்வளவு தாமதம் என்று நாம்தான் விளக்க வேண்டும். எல்லாவற்றிலும் கஷ்டமானது அந்த இடம்தான். "எனக்குப் பதக்கம் கொடுங்கள் என்று நான் எழுத மாட்டேன்" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காயம்பட்ட அன்றைக்கு அவருக்கு இடப்பக்கம் படுத்திருந்தவன் திரும்பி வரவில்லை. அவனுக்கு இல்லாத வாழ்நாள் தனக்குக் கிடைத்திருக்கும்போது, இன்னும் கேட்பதா என்பது அவர் வேதனை. நான் வற்புறுத்தவில்லை. பதக்கத்தைப் பற்றி எழுத வேண்டாம், அன்று நடந்ததை மட்டும் எழுதுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து நான்கு வரி எழுதிக் கொடுத்தார். அதில் மூன்று வரி அந்த நண்பனைப் பற்றியது. அப்படியே இணைத்து அனுப்பினோம்.

இப்படிக் கேட்கத் தயங்குகிறவர்களிடம், கேட்பது பெருமையடிப்பது ஆகாது என்று நான் சொல்வேன். பாரிஸ் டேவிஸ் என்ற அதிகாரி 1965-இல் செய்த வீரச் செயலுக்கு, அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் பரிந்துரைத்தார்கள், தாள்கள் காணாமல் போயின. மறுபடி அனுப்பினார்கள், மறுபடியும் காணோம். கூட இருந்தவர்கள் விடாமல் முயன்று, 2023 மார்ச்சில்தான் அது அவர் கழுத்துக்கு வந்தது. அவருக்கு அப்போது 83 வயது.

செவ்வாய்க்கிழமை வந்தது டிடி 215. பழைய படிவத்தைத் திருத்தி எழுத மாட்டார்கள். எந்தக் கட்டத்தில் எதைச் சேர்க்க வேண்டும் என்று தனித்தாள் தருவார்கள், இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும். 24-ஆம் கட்டம் என்று போட்டு, முதல் பெயராகப் பர்ப்பிள் ஹார்ட், பிறகு வெள்ளி நட்சத்திரம், பிறகு பிரிவுப் பாராட்டு. பதக்கம் தனியே வரும். இனி முன்னாள் படைவீரர் மருத்துவத்திலும் அவருக்கு மூன்றாம் முன்னுரிமைப் பிரிவு கிடைக்கும், கைக்கு அது உதவும். மகள் அழுதாள். பெரியவர் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, காயத்தின் தேதி சரியாக இருக்கிறதா என்று என்னைச் சரிபார்க்கச் சொன்னார். சரியாக இருந்தது.

செய்தி தெருவில் பரவி, நான்கு வீடு தள்ளியிருக்கும் அம்மாள் நேற்று வந்தார். கணவர் கொரியப் போரில் இருந்தவர், 1953-இல் விடுவிக்கப்பட்டவர். அந்தக் கோப்பு இருக்க வாய்ப்பு குறைவு. 1973 ஜூலை 12-இல் செயின்ட் லூயிஸ் காப்பகத்தில் பிடித்த தீயில் ஒன்றரைக் கோடிக்கும் மேலான கோப்புகள் போயின. 1912 நவம்பர் முதல் 1959 முடிய விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் 80 சதவீதம் சாம்பல். ஆனாலும் வழி இருக்கிறது. கடைசிச் சம்பளச் சீட்டுகள் வேறிடத்தில் இருந்தன. பிரிவுகளின் காலை அறிக்கைகளில் யார் மருத்துவமனைக்குப் போனார், யார் திரும்பினார் என்று நாள்வாரியாக இருக்கும். 1950 முதல் 1954 வரையிலான மருத்துவமனைச் சேர்க்கைக் குறிப்புகளும் உண்டு. அம்மாளிடம் கணவர் எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. உறைகளின் மேல் பிரிவின் பெயர் இருக்குமே, அங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை உட்காருகிறோம், பெரியவரும் வருகிறேன் என்றார்.

எரிந்த பதிவேட்டை மற்றப் பதிவேடுகளிலிருந்து திரும்ப எழுப்பிய அனுபவம் உனக்கு உண்டே. எதை முதலில் பார்த்தாய், எந்த வரிசையில் போனாய் என்று விவரமாக எழுது. முழங்காலுக்கு வைத்தியர் சொன்ன பயிற்சியை விட்டுவிடாதே. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய
வகுப்புத் தோழன்